மினிமோக் மாடல் டி

மினிமோக் மாடல் டி அமெரிக்காவில் 1970-இல் உருவாகி 1981 வரை தயாரிப்பில் இருந்த அனலாக் சிந்தசைசர். கருவிக்குள் ஓடும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் இசையொலியை உண்டாக்கும் இக்கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். அமைத்த ஒலியைச் சேமித்து வைக்க இதில் நினைவகம் கிடையாது. ஆனாலும் ராக், ஜாஸ், ஃபங்க், மின்னணு இசை ஆகிய துறைகளில் இது நிலையான இடம் பெற்றது. மொத்தம் 12,000-க்கும் மேற்பட்ட கருவிகள் தயாராயின. பழைய சிந்தசைசர்களைத் தேடி வாங்குவோர் இன்றும் முதலில் விசாரிக்கும் கருவிகளுள் இது ஒன்று.

இதைத் தயாரித்த நிறுவனத்தை நிறுவியவர் ராபர்ட் மோக் (1934–2005). அவர் தம் பெயரை ‘மோக்’ என்றே உச்சரித்தார். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘மூக்’ என்று சொல்வோரும் உலகெங்கும் உண்டு.

தோற்றம்

மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964-இல் தம் முதல் சிந்தசைசரை உருவாக்கினார். அது தனித்தனி அலகுகளை அலமாரிபோல அடுக்கி, அவற்றைக் கம்பிகளால் இணைத்து இயக்கும் கருவி. வெண்டி கார்லோஸ் 1968-இல் வெளியிட்ட ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ இசைத்தட்டு அதன் புகழைப் பரப்பியது. எனினும் அதன் விலை அதிகம். மேடைக்குத் தூக்கிச் செல்வதும் கடினம். ஒவ்வோர் ஒலிக்கும் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகியாக வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் டிரூமன்ஸ்பர்க்கில் இருந்த மோக் தொழிற்கூடத்தில் பொறியாளர் பில் ஹெம்சாத், மதிய உணவு இடைவேளைகளில் கழிவுப் பாகங்களைக் கொண்டு ஒரு சிறிய கருவியைக் கட்டினார். அதுவே மாடல் ஏ. அதைத் திருத்தித் திருத்தி பி, சி ஆகிய முன்மாதிரிகள் வந்தன. நான்காவதான டி விற்பனைக்குச் சென்றது. மாடல் பி ஒன்று ஜாஸ் கலைஞர் சன் ராவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இணைப்புக் கம்பிகளை ஒழித்ததுதான் இக்கருவியின் பெரிய மாற்றம். எந்த அலகு எதனுடன் சேர வேண்டும் என்பதை வடிவமைத்தவர்களே முடிவு செய்து, உள்ளுக்குள் நிலையாக இணைத்துவிட்டார்கள். அதனால் சாத்தியங்கள் சுருங்கின; ஆனால் மேடையில் நின்றபடியே ஒலியை மாற்ற முடிந்தது. இசைக்கருவிக் கடைகளில் வைத்து விற்கப்பட்ட முதல் சிந்தசைசரும் இதுவே.

அமைப்பும் இயக்கமும்

மரச்சட்டத்துக்குள் 44 கட்டைகள் கொண்ட விசைப்பலகை. அதன் பின்னால் தூக்கிச் சாய்த்து நிறுத்தக்கூடிய திருகுப் பலகை. ஒலி இடமிருந்து வலமாகப் பாய்கிறது. திருகுகளும் அதே வரிசையில் இருப்பதால் புதியவரும் விரைவில் பழகிவிடலாம்.

இடப்புறம் மூன்று ஆஸிலேட்டர்கள். ஒலியின் மூல அலையைப் பிறப்பிப்பவை இவையே. முக்கோணம், ரம்பப்பல், சதுரம் முதலிய அலைவடிவங்களும் 32, 16, 8, 4, 2 என்ற ஸ்தாயி அளவுகளும் உண்டு. இந்த எண்கள் தேவாலய ஆர்கனின் குழல் நீளங்களை அடியில் குறிக்கும் பழைய வழக்கிலிருந்து வந்தவை. மூன்றாவது ஆஸிலேட்டரை மெதுவாக ஓடவிட்டால் அது ஒலியை அசைக்கும் விசையாகவும் பயன்படும். காற்று, அலை போன்ற ஓசைகளுக்கு இரைச்சல் மூலம் ஒன்றும் இருக்கிறது.

இவையெல்லாம் கலப்பியில் சேர்ந்து ஃபில்டருக்குள் நுழைகின்றன. மினிமோக்கின் புகழுக்கு முதன்மைக் காரணம் இந்த ஃபில்டர். டிரான்சிஸ்டர் இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையிடையே மின்தேக்கிகள் படிகள்போல் அமைந்திருப்பதால் இதற்கு ‘ஏணி ஃபில்டர்’ என்று பெயர். மோக் இதற்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். நான்கு படிகளும் சேர்ந்து, குறித்த எல்லைக்கு மேலுள்ள அதிர்வெண்களை ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் குறைக்கின்றன. கலப்பியிலிருந்து வரும் ஒலி உரத்திருக்கும்போது ஃபில்டர் திணறி, மெல்லிய கரகரப்பைச் சேர்க்கிறது. பலர் ‘தடித்த ஒலி’ என்று சொல்வது இதைத்தான். கருவியின் வெளியீடுகளில் ஒன்றை அதன் வெளி உள்ளீட்டிலேயே திரும்பச் செருகி இந்தக் கரகரப்பை மேலும் கூட்டுவது வாசிப்பவர்களின் பழைய உத்தி.

ஃபில்டருக்கும் ஒலிப்பெருக்கத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் உள்ளன. கட்டையை அழுத்தியதும் ஒலி எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எவ்வளவு வேகத்தில் தணிய வேண்டும், எந்த அளவில் நிலைக்க வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன.

கட்டைகளுக்கு இடப்பக்கம் இரண்டு சக்கரங்கள். ஒன்று சுருதியை ஏற்றியிறக்கும். மற்றது அசைவின் அளவைக் கூட்டும். இன்றைய கீபோர்டுகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் இரு சக்கர அமைப்புக்கு முன்னோடி இதுவே.

ஓர் எளிய ஒலி

மினிமோக்கின் அடித்தள ஒலியைக் கேட்க இரண்டு ஆஸிலேட்டர்கள் போதும். இரண்டையும் ரம்பப்பல் அலையில் வைத்து, ஒன்றை 32-க்கும் மற்றதை 16-க்கும் திருப்ப வேண்டும். பின்னர் இரண்டாவதை மயிரிழை அளவு சுருதி விலக்க வேண்டும். இரு அலைகளும் உரசி மெல்ல நெளியத் தொடங்கும். ஃபில்டரைப் பாதிக்குக் கீழே மூடி, அதன் கட்டுப்பாட்டுச் சுற்று விரைவாகத் தணியும்படி அமைத்தால், ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து மூடுவதுபோல ஒலிக்கும்.

பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் தாழ்ந்த சுரமே ஒலிக்கும். அதனால் மேல் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கீழ்ச் சுரத்தைத் தட்டித் தட்டி எடுத்தால், இரண்டுக்கும் இடையே ஒலி அறுபடாமல் ஊசலாடும். இந்தக் கருவியில் தேர்ந்தவர்களின் விரல்வேகத்துக்குப் பின்னால் இப்படி இதன் குறையையே வசதியாக்கிக்கொண்ட பழக்கம் இருக்கிறது.

இசையுலகில்

ரிக் வேக்மன், சிக் கொரியா, யான் ஹாமர் ஆகியோர் மினிமோக்கைத் தனி வாசிப்புக்குரிய கருவியாக வளர்த்தனர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1974-இல் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ தொகுப்பில் இதைப் பயன்படுத்தியது. பார்லிமென்ட் குழுவின் ‘ஃப்ளாஷ் லைட்’ பாடலில் பெர்னி வொரல் இதில் வாசித்த பாஸ், ஃபங்க் இசையில் பாஸ் கிட்டாரின் இடத்தையே பிடித்துக்கொண்டது.

இக்கருவி கைக்கு வந்த கதைகளும் பேசப்படுகின்றன. வேக்மன் தம் முதல் மினிமோக்கை ஒரு நடிகரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருகிறது, பழுதாகிவிட்டது என்று அந்த நடிகர் நினைத்தாராம். பங்க் ராக் பதிவுக்காக 1978-இல் ஸ்டுடியோவுக்குப் போன கேரி நியூமன், முன்பு பதிவு செய்தவர்கள் விட்டுச்சென்ற மினிமோக் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய இசையின் திசையே மாறியது.

இந்தியத் தொடர்பு

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மோக்கின் கம்பி இணைப்புச் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது; அதை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். இந்தித் திரையிசையில் மினிமோக்கைப் புகுத்தியவராக அறியப்படுபவர் இசைக்கலைஞர் கெர்சி லார்ட்.

முடிவும் மறுபிறப்பும்

பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவும் ஒலிகளைச் சேமிக்கவும் வல்ல ‘புராஃபெட்-5’ 1978-இலும், டிஜிட்டல் கருவியான யமஹா ‘டிஎக்ஸ்7’ 1983-இலும் வந்தன. அனலாக் கருவிகள் பழசாகி அடகுக் கடைகளுக்கும் பரண்களுக்கும் போயின. 1990-களில் நடன இசைக் கலைஞர்கள் அவற்றைத் திரும்பத் தேடத் தொடங்கியதும் விலை ஏறியது.

1977-இல் தம் நிறுவனத்தைவிட்டு விலகிய ராபர்ட் மோக், 2002-இல் தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மீட்டு, நினைவகத்துடன் கூடிய ‘மினிமோக் வாயேஜர்’ கருவியை வெளியிட்டார். அவர் மறைவுக்குப் பின் 2016-இலும் 2022-இலும் மாடல் டி மீண்டும் தயாரிக்கப்பட்டது. பேரிங்கர் நிறுவனம் கட்டைகள் இல்லாத மலிவான சிறு பெட்டியாக இதன் நகலை விற்கிறது. கணினி மென்பொருள் வடிவங்களும் உள்ளன.

பழைய கருவியை வாங்கும்போது

கருவியைப் போட்டு அரை மணி நேரமாவது சூடேறவிட்ட பிறகே சோதிக்க வேண்டும். தொடக்ககாலக் கருவிகளின் ஆஸிலேட்டர்கள் வெப்பம் மாறினால் சுருதி விலகும். பின்னர் மாற்றியமைக்கப்பட்ட சுற்றுப்பலகைகள் அதிக உறுதியானவை. ஆகவே எந்தப் பலகை உள்ளே இருக்கிறது என்று கேட்டறிவது அவசியம். சுருதி பார்க்கக் கருவியிலேயே ‘ஏ-440’ என்ற விசை உண்டு. மூன்று ஆஸிலேட்டர்களையும் தனித்தனியே எல்லா ஸ்தாயிகளிலும் வாசித்துப் பார்க்க வேண்டும். கீழ்க்கட்டையில் சேரும் சுருதி மேல்கட்டையில் விலகினால் சீரமைப்புத் தேவை.

ஒவ்வொரு திருகையும் முழுதாகச் சுற்றும்போது கரகரப்பு வந்தால் அது பெரும்பாலும் தூசிதான். சுத்தம் செய்தால் போகும். சில கட்டைகள் ஒலிக்காவிட்டால் அடியிலுள்ள தொடுகம்பிகளில் அழுக்கு இருக்கலாம். மின்வழங்கியின் பழைய மின்தேக்கிகள் மாற்றப்பட்டனவா என்பதையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் கருவி 115 வோல்ட்டுக்கு அமைந்திருக்கக்கூடும். அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும்.

மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘மிடி’ முறை 1983-இல்தான் வந்தது. எனவே மூலக் கருவியில் அது இராது. மற்ற அனலாக் கருவிகளுடன் இணைக்கும்போதும், சுரத்தைத் தொடங்கி வைக்கும் மோக்கின் குறிப்பு முறை பிறருடையதிலிருந்து வேறுபடுவதால் மாற்றி தேவைப்படும். பிறகு சேர்த்த மிடி பலகை வாசிப்பவருக்கு வசதி. ஆனால் அதற்காகத் துளையிட்ட கருவிக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறைவு.

நினைவகம் இல்லாததால், பிடித்த ஒலி கிடைத்ததும் திருகுகளின் நிலையைத் தாளில் குறித்து வைப்பது அன்றுமுதல் இருக்கும் வழக்கம். அதே தாளைப் பார்த்து வேறொரு மினிமோக்கில் அமைத்தால் ஒலி சற்று மாறியே வரும். பாகங்களின் நுண்ணிய வேறுபாடும் வயதும் அதற்குக் காரணம். படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாமல் நேரில் வாசித்துப் பார்த்து வாங்குவதே சரி. வாங்கியபின் உறையிட்டு மூடிவைக்காமல் அடிக்கடி வாசிக்கவும் வேண்டும். அசையாமல் கிடக்கும் திருகுகளும் தொடுகம்பிகளுமே முதலில் கெடுகின்றன.