பெயரா, உள்ளடக்கமா? மைசூரு ஆய்வகங்களின் 8086 நிரலும் அசெம்பிளர் மாற்றமும்

அசெம்பிளி மொழியின் ஒரு வரி செயலிக்கு இடும் ஒரு கட்டளை; அதை இயந்திர பைட்டுகளாக்கும் மென்பொருளே அசெம்பிளர். ஆகவே ஓர் அசெம்பிளருக்கு எழுதிய நிரலை வேறோர் அசெம்பிளருக்கு மாற்றுவது வெறும் எழுத்துத் திருத்தம்தான் என்ற எண்ணம் நம் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. செயலி ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வோர் அசெம்பிளரும் தனக்கெனப் பொருள்விதிகள் கொண்ட தனி மொழி. எளிய நிரலை மாற்றும்போதுதான் அந்த விதிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே அந்த வேலைக்கு ஆய்வகப் பாடத்தில் இடம் வேண்டும்.

மைசூரு இதற்கு நல்ல களம். நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங் (1946), ஸ்ரீ ஜயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரி (1963) போன்ற பழைய கல்லூரிகள் தமக்கெனப் பாடத்திட்டம் வகுத்துக்கொண்டவை. இணைப்புக் கல்லூரிகளுக்கோ 1998-இல் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டியல்தான் வழிகாட்டி. 2010 பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர் நான்காம் பருவத்தில் 8086 செயலிக்கு இருமத் தேடல், குமிழி வரிசையாக்கம், இருவழிச் சொல் சோதனை முதலிய நிரல்களை எழுதினர். 2015 திட்டத்தில் ஏஆர்எம் செயலி அதே ஆய்வகத்தில் பாதி இடம் பிடித்தது. 8086 பகுதிக்கு வழக்கமான கருவி மைக்ரோசாஃப்டின் மாஸ்ம். முதலில் 1981-இல் வெளிவந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது என்பதால் மாணவர்கள் டாஸ்பாக்ஸுக்குள் அதை இயக்கினர். லினக்ஸில் வேலை செய்ய நினைப்பவர் நாஸ்மையோ குனு அசெம்பிளரையோ நாடுவார். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

குமிழி வரிசையாக்க நிரலையே எடுத்துக்கொள்வோம். தரவுப் பகுதியின் தொடக்கத்தில் ஆறு எண்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட். அவற்றை அடுத்து, எண்ணிக்கையான 6-ஐத் தாங்கிய 'கவுன்ட்' என்ற இரண்டு பைட் மாறி. நிரலில் 'மூவ் சிஎக்ஸ், கவுன்ட்' என்று ஒரு வரி. மாஸ்ம் இதை 'கவுன்ட்டில் உள்ள மதிப்பைக் கொண்டுவா' என்று படிக்கும். சைமன் டேதமும் ஜூலியன் ஹாலும் 1996-இல் உருவாக்கிய நாஸ்மோ 'கவுன்ட்டின் முகவரியைக் கொண்டுவா' என்று படிக்கும். உள்ளடக்கம் வேண்டுமானால் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். இரண்டுக்கும் வரி சரியானது; பிழைச் செய்தி எதுவும் வராது.

இப்போது கவுன்ட்டின் முகவரி என்ன? ஆறு பைட்டுகள் முன்னால் இருப்பதால் அதுவும் 6. அடைப்புக்குறி இல்லாத தவறான நிரல் சரியான விடையைத் தந்துவிடும்! எண்களைப் பத்தாக்கினாலும் முகவரி 10 ஆகும். தவறு அப்போதும் மறைந்தே இருக்கும். எண்களை 16 பிட்டாக மாற்றினால்தான் குட்டு உடையும். எண்ணிக்கை 6, முகவரி 12. வரிசையாக்கம் பட்டியலின் எல்லையைத் தாண்டிப் போய், கவுன்ட்டில் இருக்கும் 6-ஐயும் ஏழாவது எண்ணாகச் சேர்த்து, அதற்கப்பால் நினைவகத்தில் கிடப்பவற்றையும் கலைத்துப் போடும். தேர்வில் ஒரே ஒரு பட்டியலை ஓட்டிக் காட்டி மதிப்பெண் வாங்கும் முறையில் இந்தத் தவறு அகப்படவே அகப்படாது. அசெம்பிளர் மாற்றத்தைக் கற்பித்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வேறுபாட்டின் வேர் எங்கே இருக்கிறது? மாஸ்ம் ஒரு மாறியை அறிவித்தபோதே அதன் அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. 'இன்க் கவுன்ட்' என்றால் எத்தனை பைட்டைக் கூட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். நாஸ்ம் அப்படி எதையும் நினைவில் கொள்வதில்லை. இத்தகைய வரியில் அளவைப் பயன்படுத்தும் இடத்திலேயே சொல்லாவிட்டால் நிரலை ஏற்க மறுக்கும். 'அஸ்யூம்' கட்டளையும் இந்த வகைதான். எந்தப் பகுதிப் பதிவகம் எதைச் சுட்டுகிறது என்று நிரலர் ஒருமுறை சொல்லிவிட்டால், தேவையான இடங்களில் மாஸ்ம் தானே முன்னொட்டு பைட்டைச் சேர்த்துவிடும். நாஸ்முக்கு மாற்றும்போது அந்த வரியைச் சும்மா அழித்துவிட்டால், கண்ணில் படாத அந்த பைட்டுகளும் சேர்ந்தே அழியும். இரண்டில் எது சிறந்த வழி என்பது இங்கே கேள்வியல்ல. ஆனால் கற்பவருக்கு நாஸ்மின் பிடிவாதம் நல்லது என்றே நினைக்கிறேன்; எது முகவரி, எது உள்ளடக்கம் என்பதை ஒவ்வொரு வரியிலும் அது கேட்டு வாங்குகிறது.

குனு அசெம்பிளரில் சிக்கல் வேறு. ஏடி அண்ட் டி யூனிக்ஸ் மரபைப் பின்பற்றி, இன்டெல் குடும்பச் செயலிகளுக்கு அது மூலத்தை முதலிலும் இலக்கைப் பின்னும் எழுதுகிறது. ஒப்பிடும் கட்டளையில் மட்டும் வரிசையை மாற்ற மறந்தாலும் செயலிக்கு அது செல்லுபடியாகும் கட்டளைதான். 'சிறியதாகவோ சமமாகவோ இருந்தால் தாண்டு' என்பது எதிர்த்திசையில் வேலை செய்ய, ஏறுவரிசை இறங்குவரிசையாகிவிடும். இதே குனு அசெம்பிளர் ஏஆர்எம், ரிஸ்க்-வி செயலிகளுக்கு இலக்கை முதலில் எழுதுகிறது. வரிசை செயலியின் இயல்பு அல்ல, எழுத்து மரபின் தேர்வு என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் இரண்டு நிரல்கள் ஒன்றே என்று எதைக் கொண்டு சொல்வது? இயந்திர பைட்டுகள் ஒத்திருந்தால் போதும் என்பர் சிலர். அந்த அளவுகோல் சிறிய இடத்திலேயே முறிகிறது. பிஎக்ஸ் பதிவகத்தின் மதிப்பை ஏஎக்ஸுக்குக் கொண்டுபோகும் கட்டளைக்கு 8086-இல் இரண்டு வடிவங்கள் உண்டு: 8பி சி3, 89 டி8. மாஸ்ம் முன்னதையும் நாஸ்ம் பின்னதையும் தேர்கின்றன. பைட்டுகள் வேறு, விளைவு ஒன்று. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் பதிவகங்களும் நினைவகமும் கொடிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. இரு அசெம்பிளர்களும் தரும் பட்டியல் கோப்புகளைப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் ஒவ்வொரு பைட்டுக்கும் மாணவர் காரணம் சொல்ல வேண்டும்.

முதன்முறை கற்பவருக்கு ஒரு தொடரியலே பாரம், இரண்டாவதைச் சுமத்தலாமா என்ற எதிர்வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. பருவத்தின் தொடக்கத்தில் அது முற்றிலும் நியாயம். ஆனால் கடைசிப் பயிற்சியாக, மாணவர் தாமே எழுதி ஓட்டிய நிரலை மாற்றச் சொல்வது புதுப் பாரமல்ல. தெரிந்ததை வேறு வெளிச்சத்தில் பார்ப்பது. அதைப் பற்றி வாய்மொழித் தேர்வில் கேட்டால் மனப்பாட விடை உதவாது. பைட் பட்டியல் தவறை மறைத்துவிடும் என்பதால், பயிற்சிக்கு 16 பிட் பட்டியலையே கொடுக்க வேண்டும்.

8086 பழையதாகிவிட்டதால் இந்தத் தேவை தீர்ந்துவிடவில்லை. கெய்ல் மென்பொருளில் மாணவர் எழுதிய ஏஆர்எம் நிரல்கள் 'ஆர்மாஸ்ம்' தொடரியலில் உள்ளவை: பெயர்கள் வரியின் முதல் எழுத்திலிருந்தே, முக்காற்புள்ளி இல்லாமல் தொடங்கும், குறிப்புரை அரைப்புள்ளிக்குப் பின் வரும். குனு அசெம்பிளரில் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வேண்டும். ஏஆர்எம்முக்கு அங்கே அரைப்புள்ளி என்பது கட்டளைகளைப் பிரிக்கும் குறி, எனவே குறிப்புரையே கட்டளையாகப் படிக்கப்படும். ஏஆர்எம் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைத் தொகுப்பி குனு தொடரியலுக்கு மாறிவிட்டது. ஆர்மாஸ்ம் கைவிடப்படும் வரிசையில் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய சக்தி செயலிகளும் ரிஸ்க்-வி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நிரல் எழுதப் போகிறவர் கையில் எடுப்பதும் குனு கருவிகளையே. மைசூருவில் இன்று மூன்றாம் பருவத்தில் நுழையும் மாணவருக்கு, பட்டம் பெறுமுன் ஒருமுறையாவது இந்த மாற்றத்தைச் செய்ய நேரலாம்.