கொக்குவில் முதல் கல்லுண்டாய் வரை: கரையோரப் பறவைகளை அவதானிப்போருக்கு

இணுவில், உடுவில், கோண்டாவில், கொக்குவில். யாழ். குடாநாட்டு ஊர்ப்பெயர்களில் வரும் 'வில்' நீர்நிலையைக் குறிக்கும். கொக்குகள் கூடிய நீர்நிலையே கொக்குவில் ஆயிற்று என்பர்.

போர்க்காலத்தில் கரை என்றால் முட்கம்பியும் காவலரணும்தான். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்களுக்கு இன்றும் அச்சமே முதலில் நினைவுக்கு வரும். கையில் தொலைநோக்கி இருந்தாலே சந்தேகம் வந்த காலம் அது. கரையோர உயிரினங்களை மாணவர்கள் நேரில் கற்பதற்கென உருவான தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்கூட, இன்றைய பிள்ளைகளுக்குப் பரீட்சை வினாத்தாளாகவே அறிமுகம்.

எப்போது?

ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைக்காலம். மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனையில் இலங்கை இருக்கிறது. 2021இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று, வடதுருவத்தை அண்டிய ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை சென்று மன்னாருக்கே திரும்பியது. மாரி மழை ஓய்ந்து தை மாதத்தில் நீர் வற்றத் தொடங்க, சேற்றுத்தரை வெளிப்படும். உள்ளான்களுக்கு இரை கிடைப்பது அங்கேதான்.

எங்கே?

கொக்குவிலில் இருந்து ஆனைக்கோட்டை வழியே மேற்கே சென்றால் காக்கைதீவுக் கரை, கல்லுண்டாய் வெளி, அராலி ஆகியன அடுத்தடுத்து வரும். வலிகாமத்தின் வழுக்கையாறு நீரேரியைச் சேர்வது அராலியில். இங்கு நீரேரி மேற்கே இருப்பதால் காலையில் செல்வது நல்லது. வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மண்டைதீவுக்குச் செல்லும் பண்ணைத் தாம்போதியும் ஏற்ற இடம்.

எப்படி அடையாளம் காண்பது?

வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கு அல்ல. கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் விரல்களும் இருந்தால் சின்னக்கொக்கு. மாட்டின் பின்னால் திரியும் மஞ்சள் அலகுக்காரன் உண்ணிக்கொக்கு. நெடிய கழுத்து நடுவில் மடிந்து, உயரமாக நிற்பது பெரியகொக்கு. மண்ணிறமாகக் குந்தியிருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளைச் சிறகு காட்டுவது மடையான்.

பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிற்றுயிர்களை வடித்து உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் உணவிலிருந்து வருவது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாக இருக்கும். அவற்றை வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

அடையாளமிடப்பட்ட கண்ணிவெடிப் பகுதிக்குள் கால் வைக்கக்கூடாது. இனந்தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் உடல் கொழுப்பைக் கரைக்கும்.

ஏன் எழுதி வைக்க வேண்டும்?

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமானது. தேசியப் பூங்காவினுள் குடியிருக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது அங்குள்ள மீனவர்களுக்கும் காணிக்காரருக்கும் வாழ்க்கைப் பிரச்சினை. மறுபுறம், கல்லுண்டாயில் நகரக் குப்பை கொட்டப்படுகிறது; அது பறவைகளின் பிரச்சினை, ஊரவரின் பிரச்சினையும்கூட. இரண்டு இடத்திலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: இங்கே எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதத்தில்? அதற்கான பதிவு ஊரவர் கையில் இல்லாவிட்டால், வெளியிலிருந்து வருபவரின் கணக்கே கணக்காகும்.

திகதி, நேரம், இடம், இனம், எண்ணிக்கை, அருகில் நடந்த தொழில் ஆகிய ஆறும் போதும். ஒரே இடத்துக்கு மாதம் இருமுறை சென்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். இணைய வசதி உள்ளவர்கள் ஈ-பேர்ட் தளத்திலும் பதியலாம். வலைவீசும் தொழிலாளியிடமும் கேட்டு எழுதுங்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும் என்பது அவருக்குத் தெரியும்.