பட்டமும் சட்டமும்: வன்னி வானத்தின் கதை

பட்டம் விடுவதற்கும் விமானச் சட்டம் உண்டு என்றால் நம்மவர் பலர் சிரிப்பர். தாளும் ஈர்க்கும் நூலும் கொண்டு சிறுவர் கட்டும் விளையாட்டுப் பொருளைச் சட்டம் ஏன் தேடி வரவேண்டும்?

விமானத்துக்கு மூத்தது பட்டம். 1894இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்க்ரேவ், தாம் அமைத்த பெட்டிப் பட்டங்களைக் கோத்து, அவற்றின் துணையால் 16 அடி உயரம் எழுந்தார். ரைட் சகோதரர்கள் 1899இல் தமது உத்தியை முதலில் சோதித்ததும் ஒரு பட்டத்திலேதான். பிரித்தானிய இந்தியாவின் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் விமானம் என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தபோது பலூனோடு பட்டத்தையும் அதில் சேர்த்தது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்கிறது 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை. இலங்கை 1948இல் அதில் இணைந்து, 1950இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. 2010இல் புதிய சிவில் விமானச் சட்டம் வந்தது. ஆக, நூல் சிறுவனுடையது, வானம் அரசினுடையது.

விதியின் நியாயத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். 3 பாகைச் சரிவில் தரையிறங்கும் விமானம், ஓடுபாதைக்கு 2 கிலோமீற்றர் தொலைவில் ஏறத்தாழ 105 மீற்றர் உயரத்திலேயே பறக்கும். நைலோன் நூல் விமானியின் கண்ணுக்குத் தெரியாது. உலங்குவானூர்தியின் சுழலியிலோ இயந்திரத்திலோ சுற்றிக்கொண்டால் பேராபத்து. ஆகவேதான் பிரித்தானியாவில் பட்டத்துக்கு 60 மீற்றர் எல்லை. விமான நிலையச் சூழலில் 30 மீற்றர்.

இனி வன்னிக்கு வருவோம். வவுனியா ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. இரணைமடுவில் விடுதலைப் புலிகள் ஓடுபாதை அமைத்தனர். 2007 மார்ச் 26இல் அவர்களின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கவைத் தாக்கின. வன்னிச் சிறுவர்களோ வானத்தைக் காதால் அறிந்தவர்கள். 'வண்டு' என்று அவர்கள் அழைத்த ஆளில்லா வேவு விமானம் இரைந்தால் அச்சம். 'கிபிர்' இரைந்தால் பதுங்குகுழி. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளுக்கு மாணவியர் பலர் இரையாயினர்.

இங்கேதான் சட்டத்தின் முரண் உறுத்துகிறது. சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, அது சிவில் விமானங்களுக்கு மட்டுமே உரியது, அரசின் இராணுவ விமானங்களுக்கு அன்று என்கிறது. போர் விமானத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வேறு. வன்னியில் அவை காக்கத் தவறின. சிறுவனின் பட்டத்துக்கு அடிகணக்கில் அளவு சொல்லும் சட்ட மரபு, குண்டு சுமந்த விமானத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது.

அதற்காக விதியை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடுபாதைக்கு அருகே பட்டம் விடலாகாது. உலங்குவானூர்தியில் இருப்பவரும் ஒரு தாயின் பிள்ளையே. ஆனால், வானத்தைப் பார்த்து ஓடி ஒளிந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே வானத்தை மகிழ்ந்து நோக்குகிறார்கள். வாடைக்காற்றில் பட்டத்தின் விண் கூவுவதும் ஓர் இரைச்சலே. ஆனால் அதற்கு எவரும் பதுங்குவதில்லை.

அவர்களிடம் இந்த விதி அச்சுறுத்தலாகப் போய்ச் சேரக்கூடாது. காற்று திரும்புவதற்கு முன்பே, பாடசாலைகளில், அவர்களின் தாய்மொழியில், காரணத்தோடு சொல்லப்படவேண்டும். காரணம் அறிந்த பிள்ளை நூலைத் தானே சுருக்கிக்கொள்ளும்.