எலிவளையின் வாயிலிலே

மன்னர்தம் வேட்டையைக் காவியங்கள் பாடின; ஓவியங்கள் தீட்டின. ஆனால் வயல்வரப்பில் எலிவளையொன்றின் வாயிலிலே குந்தியிருந்து, கையிற் பொறியுடன் தொழில் பழகிய ஏழைச் சிறுவனை வரலாறு பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அரசனது வேட்டை விளையாட்டு. இவனது வேட்டை வயிற்றுப்பாடு. பயிரையும் களஞ்சியத்தையும் அழிக்கும் பிராணிகளைப் பிடித்து ஒழிப்பதையே தொழிலாகக் கொண்டோர் எல்லா நாடுகளிலும் இருந்துள்ளனர். அவர்தம் கதையை ஆராயுமிடத்து, விலங்குகளைப் பற்றி மட்டுமன்றி நிலவுடைமையைப் பற்றியும் உழைப்பின் விலையைப் பற்றியும் நாம் அறியக்கூடியவை பல உள.

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். 1532 ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், காகங்களை அழிப்பதற்குச் சட்டமொன்று இயற்றப்பட்டது. 1566 இல் முதலாம் எலிசபெத்தின் அரசு, தானியத்தைப் பாதுகாக்கும் பொருட்டு மேலும் விரிவான சட்டமொன்றைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கோயிற்பற்றும் வரி திரட்டி, கொல்லப்பட்ட பிராணிகளின் தலைகளுக்குப் பணம் வழங்கவேண்டும். மூன்று எலித்தலைகளுக்கு ஒரு பென்னி. பன்னிரண்டு சுண்டெலித்தலைகளுக்கும் அதே ஒரு பென்னி. முள்ளெலியின் தலைக்கு இரண்டு பென்னி. முள்ளெலி செய்த குற்றம் யாது? இரவிலே படுத்திருக்கும் பசுவின் மடியில் அது பாலருந்துகின்றது என மக்கள் நம்பினர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை. எனினும், சட்டம் ஒரு பிராணியைக் குற்றவாளியாக்கிவிட்டால், அதன் தலைக்கு விலை பிறந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். எலியைக் கொன்ற சிறுவனுக்குப் பென்னி கொடுத்த அதே சமுதாயம், முயலைக் கொன்ற சிறுவனைச் சிறையில் அடைத்தது. 1671 ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டொன்றுக்கு நூறு பவுண் வருமானந்தரும் சொந்த நிலமுடையோருக்கே வேட்டையுரிமையை வழங்கிற்று. அக்காலத்தில் மாவட்டப் பிரதிநிதியைத் தெரிவதற்கான வாக்குரிமைக்கு நாற்பது ஷில்லிங் வருமானந்தரும் நிலம் போதுமானதாயிருந்தது. அஃதாவது, பாராளுமன்றத்துக்கு ஒருவரைத் தெரிவதற்கு வேண்டிய சொத்தைப் போல் ஐம்பது மடங்கு சொத்து ஒரு கௌதாரியைக் கொல்வதற்கு வேண்டியிருந்தது! 1831 இல் இச்சொத்துத் தகுதி நீக்கப்பட்ட பின்னரும் குத்தகை விவசாயியின் துயர் தீரவில்லை. வேட்டையுரிமையை நிலப்பிரபு தன்னிடமே வைத்துக்கொண்ட இடங்களில், தன் வியர்வையால் விளைந்த பயிரை முயல்கள் மேய்வதைக் கண்டும் அவன் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. 1880 ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டனின் அரசு நிறைவேற்றிய சட்டமே தன் நிலத்தில் முயலைப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்காரனுக்கு வழங்கிற்று. எது பீடை, எது வேட்டைப்பொருள் என்பதைப் பிராணியின் இயல்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. நிலம் எவர் கையில் இருந்தது என்பதும் தீர்மானித்தது.

கைத்தொழிற் புரட்சி எலிபிடிப்பவனையும் நகரத்துக்குக் கொணர்ந்தது. இலண்டன் மாநகரின் ஏழை உழைப்பாளரை நேரிற் கண்டு ஹென்றி மேஹ்யூ எழுதிய நூலிலே ஜாக் பிளாக் என்பான் ஒருவனைச் சந்திக்கின்றோம். விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பாளன் எனத் தன்னை அழைத்துக்கொண்டவன் அவன். வார்ப்பிரும்பினாற் செய்த எலியுருவங்கள் பதித்த பட்டியைத் தோளிலே குறுக்காக அணிந்து, தெருவோரத்தில் எலிகளைக் கைகளிலும் தோளிலும் ஓடவிட்டு, நஞ்சு விற்றான். ஏறத்தாழ ஒன்பது வயதில், பால்மாட்டுப் பட்டியொன்றில், விளையாட்டாகவே அவன் எலி பிடிக்கத் தொடங்கினான். விளையாட்டு விரைவிலே பிழைப்பாயிற்று. எலிக்கடியினால் அவன் சாவின் வாயிலுக்குச் சென்று மீண்டதுமுண்டு. பிடித்த எலிகளை உயிருடன் விலைக்கு வாங்கியோரும் இருந்தனர். குழியொன்றிலே எலிகளை விட்டு நாய்களை ஏவி, எத்தனை நிமிடத்தில் எத்தனை சாகும் எனப் பந்தயங்கட்டிய கனவான்களுக்கு அவை தேவைப்பட்டன. ஒருவனுடைய ஆபத்து இன்னொருவனுக்குப் பொழுதுபோக்காயிற்று.

ஏகாதிபத்தியம் இத்தொழிலைக் குடியேற்ற நாடுகளில் வேறொரு வடிவிற் கையாண்டது. வியட்நாமின் ஹனோய் நகரிலே பிரெஞ்சு ஆட்சியாளர் தமது குடியிருப்புகளுக்கென நவீன கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்தனர். அக்கால்வாய்கள் எலிகளுக்கு இருண்ட, எதிரியற்ற மாளிகைகளாயின. கொள்ளைநோய் பற்றிய அச்சம் எழவே, 1902 இல் வியட்நாமியத் தொழிலாளர் கூலிக்கு அமர்த்தப்பட்டு அக்கால்வாய்களுள் இறக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான எலிகள் கொல்லப்பட்டன. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஒரே நாளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டதாகவும் கணக்குண்டு. எனினும் எலிகள் குறையவில்லை. பின்னர் பொதுமக்களுக்கும் அழைப்பு விடுக்கப்பட்டது: வால் ஒன்றுக்கு ஒரு சதம். வால்கள் குவிந்தன. சிறிது காலத்தில் வாலற்ற எலிகள் நகரெங்கும் ஓடித்திரியக் காணப்பட்டன! வாலை மட்டும் அறுத்துவிட்டு, மீண்டும் குட்டி ஈனட்டும் என எலியை விட்டுவிட்டனர். நகர்ப்புறத்தே எலி வளர்க்கும் பண்ணைகளே தோன்றின. திட்டம் கைவிடப்பட்டது.

இதனைச் சுதேசிகளின் வஞ்சகமென நகைப்பது எளிது. ஆனால் பிறர் வாழும் மாளிகைகளின் அழுக்கிலே இறங்கி, அந்நிய ஆட்சியின் சதத்துக்காக நோயை விலைக்கு வாங்கவேண்டிய மனிதன், அவ்வாட்சியின் வெற்றியில் ஏன் அக்கறை கொள்ளவேண்டும்? வாலுக்குப் பணங்கொடுத்தவன் வாலைப் பெற்றான். மக்களின் நலத்தையும் அவர்தம் ஒத்துழைப்பையும் அவன் நாடியிருப்பின் விளைவு வேறாயிருத்தல் கூடும்.

இனி எமக்கு மிக அண்மையிலுள்ள தமிழ்நாட்டுக்கு வருவோம். செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மக்கள் எலியும் பாம்பும் பிடிப்பதிற் பேர்பெற்றவர். அவர்தம் பிள்ளைகளுக்கு வயலே பள்ளிக்கூடமாயிருந்தது. வளைவாயில் சிலந்திவலை படிந்திருப்பின் அது கைவிடப்பட்ட வளை; ஈரமண் புதிதாகத் தள்ளப்பட்டிருப்பின் உள்ளே எலியுண்டு. தப்பியோடும் மறுவாயில் எங்கே என்பதை முதலில் அறியவேண்டும். பின்னர் மண்பானையில் வைக்கோலை இட்டு எரித்து, பானையின் வாயை வளையோடு பொருத்தி, அடித்துளை வழியாக வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர். உதடு வெந்தது, கை சுட்டது, புகை நெஞ்சை அடைத்தது. எலி களவாகச் சேர்த்த நெல் வளையிலிருந்து மீட்கப்பட்டது. அந்நெல்லும் எலியிறைச்சியும் வீட்டுக்கு உணவாயின. நிலமற்ற இவர்களுட் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கொத்தடிமைகளாய்ச் சிக்குண்டனர் என்பதும் மறத்தற்கியலாத உண்மையாகும்.

பாம்புத்தோல் வணிகம் ஓங்கியிருந்த காலத்தில் இருளர் பாம்பு பிடித்தனர். இலாபம் வணிகரையும் ஏற்றுமதியாளரையும் சேர்ந்தது. 1972 ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976 இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடக்கின. காட்டுயிரைக் காத்தல் நியாயமே. ஆயினும் தலைமுறைகளாகப் பயின்ற தொழிலை ஓர் ஏட்டின் வரியால் இழந்தவன் மறுநாள் எதை உண்பான் என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடையில்லை.

விடையைக் கூட்டுறவு தந்தது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டு விரியன், சுருட்டை விரியன், எம்மவர் கண்ணாடிப் புடையன் என அழைக்கும் கண்ணாடி விரியன் ஆகிய நான்கையும் அவர்கள் உயிருடன் பிடித்து வருகின்றனர். சங்கத்தில் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் அவை மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சு இன்றியமையாதது. கடிபடுவோரில் மிகப்பெரும்பாலோர் வெறுங்காலுடன் வயலில் உழைக்கும் ஏழைகள் என்பதை நினைக்கும்போது, ஏழையின் அறிவு ஏழையின் உயிரையே காக்கின்றது என்பது தெளிவாகும். பிராணியும் சாகவில்லை, தொழிலும் சாகவில்லை.

2017 ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். வீட்டுச் செல்லப்பிராணிகளாகக் கொணரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்புநிலங்களிற் பெருகி, இயற்கை உயிரினங்களை அழித்துக்கொண்டிருந்தன. இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023 இல் இந்திய அரசு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் இருவர் மார்பில் ஏறிய பதக்கம், குடியிருக்கும் மண்ணுக்கு உறுதியற்ற குடும்பங்களின் குடிசைகளுக்குக் கூரையாகிவிடாது.

தலைக்குப் பென்னி, வாலுக்குச் சதம் என்ற முறை உழைப்பாளியின் அறிவை வேண்டவில்லை. பிணத்தை மட்டுமே எண்ணிற்று. கூட்டுறவோ அவ்வறிவுக்கே ஊதியம் வழங்கியது. இரண்டு முறைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே நாம் வரலாற்றிலிருந்து கற்கவேண்டியுள்ளது.

இன்றும் எங்கோ ஒரு வரப்பில் ஒரு சிறுவன் தன் தந்தையின் அருகிற் குந்தியிருந்து மண்ணை வாசிக்கக் கற்கின்றான். அக்கல்வியை இழிவென்று ஒதுக்குவதும் அநீதி. அதைப் போற்றுவதாகச் சொல்லி அவனை எழுத்தறிவின்றி அந்த வரப்பிலேயே நிறுத்திவைப்பதும் அநீதி. அவன் பள்ளியிலும் அமரவேண்டும். தந்தையின் அறிவும் அவனுடையதாயிருக்கவேண்டும். எத்தொழிலைத் தொடர்வதென்பதை அவனே தெரிந்துகொள்ளும் நிலையைப் படைப்பது எம் அனைவரதும் கடமையாகும்.