நானும் அதுவும்: விலங்குப் பார்வைக் கதைகளில் ஒரு பொருத்துவாய்

தன்மை இடத்தைப் பற்றித் தமிழ் இலக்கணத்தில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. யான், யாம், நாம் என்னும் பெயர்களையும் அவற்றுக்குரிய வினைகளையும் தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தார். அவருக்கு உயர்திணை என்பது மக்களைக் குறிப்பது. தன்னைத் தானே சுட்டிப் பேசக்கூடியவர் மக்களே என்பது இதற்குள் அடங்கியிருக்கும் எண்ணம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலார் தன்மையை இரு திணைக்கும் பொதுவாக்கினார். ஒரு குதிரை 'நான் ஓடினேன்' என்று சொல்வதாக எழுதினால் தொல்காப்பிய நெறியில் அது மனிதனின் வினையைக் கடன் வாங்குகிறது. நன்னூல் நெறியில் அது தனக்கும் உரிமையான வினையைச் சொல்கிறது.

எந்த நெறியை ஏற்றாலும் நடைமுறையில் விளைவு ஒன்றுதான். 'நான் ஓடினேன்' என்ற தொடரில் ஓடியது குதிரையா மனிதனா என்பது தெரிவதில்லை. அதே செய்தியைப் படர்க்கையில் சொல்ல முயன்றால் 'ஓடினான்', 'ஓடியது' ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தன்மை இடம் மறைத்து வைத்திருந்த வேறுபாட்டைப் படர்க்கை வெளியே எடுத்துவிடுகிறது. விலங்குப் பார்வையில் அமைந்த கதைகளின் ஆற்றல் விலங்கு பேசுவதில் இருப்பதைவிட, 'நான்' என்பது 'அது'வாக மாறும் பொருத்துவாயில்தான் மிகுதியும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது, எங்கே நிகழாமல் தவிர்க்கப்படுகிறது என்று பார்த்தாலே ஒரு கதை விலங்கை என்னவாகக் கருதுகிறது என்பது தெரிந்துவிடும்.

இவ்வகைக் கதைகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் எழுதிய 'உத்தியாகக் கலை' கட்டுரையிலிருந்தே தொடங்கும். பழகிப்போன பொருளை முதல்முறை காண்பதுபோல் காணவைப்பதே கலையின் வேலை என்று சொன்ன அவர், அதற்குக் காட்டிய சான்றுகளுள் ஒன்று டால்ஸ்டாயின் 'ஹோல்ஸ்தமேர்'. கதைசொல்லி ஒரு குதிரை. சொத்துரிமை என்னும் ஏற்பாட்டைக் குதிரையின் கண்ணால் பார்ப்பதால் அது நமக்கு விந்தையாகத் தெரிகிறது என்பது அவர் விளக்கம். கதை முடியும் முன்பே குதிரை கொல்லப்பட்ட பிறகும் கதைசொல்லும் முறை மாறவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பரிச்சய நீக்கம் என்ற கலைச்சொல் நம் திறனாய்வில் வேரூன்றியபோது இந்தச் சான்றும் கூடவே வந்துவிட்டது. அதை மூலக்கதையோடு வைத்துச் சரிபார்த்தவர்கள் குறைவு என்றே எண்ணுகிறேன்.

சரிபார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. டால்ஸ்டாய் 1860களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கி, 1885இல் மீண்டும் கையில் எடுத்து, 1886இல் வெளியிட்ட படைப்பு இது. ஹிரெனோவோ குதிரைப் பண்ணையில் பிறந்த ஓர் உண்மையான பந்தயக் குதிரையின் வரலாறு இதற்கு அடிப்படை. கதை தொடங்குவது குதிரையின் குரலில் அன்று, படர்க்கையில். கிழட்டுக் குதிரை ஒன்று, விதையடிக்கப்பட்டது, உடலெங்கும் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுகள். மேய்ப்பன் நெஸ்டர் அதன்மேல் ஏறிக்கொண்டு மந்தையை ஓட்டிப்போகிறான். இளங்குதிரைகள் அதைக் கடித்தும் உதைத்தும் வதைக்கின்றன. ஓர் இரவில் வியாசபூரிஹா என்ற வயதான பெட்டைக் குதிரை அதன் அருகே வந்து மோந்து பார்த்து அடையாளம் காண்கிறது. அதன் பிறகே குதிரை வாய் திறக்கிறது. ஐந்து இரவுகள் மந்தைக்குத் தன் வரலாற்றைச் சொல்கிறது. 'என்னுடையது' என்ற சொல்லை மனிதர் நிலத்துக்கும் உயிருக்கும் ஏன் ஒட்டவைக்கிறார்கள் என்று வியக்கும் புகழ்பெற்ற பகுதி இந்த இரவுகளில் வருவது. ஐந்தாம் இரவோடு அந்தக் குரல் முடிகிறது. மறுபடி படர்க்கை, இறுதிவரை படர்க்கைதான்.

ஆக, குதிரையின் குரல் இக்கதையில் ஒரு நடுப்பகுதி. இரண்டு பக்கமும் அதை வாயடைத்த மௌனம் சூழ்ந்திருக்கிறது. அந்தக் குரல் பிறப்பதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: தன் இனத்தில் ஒன்று தன்னை அடையாளம் காணவேண்டும். ஷ்க்லோவ்ஸ்கி இந்தச் சட்டகத்தை விட்டுவிட்டு உள்ளிருந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். யார் பார்ப்பது, யார் பேசுவது என்ற இரு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று ஜெரார் ழெனெத் 1972இல் வற்புறுத்தினார். அந்தப் பிரிப்பு கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. குதிரை இறந்த பின்னும் தொடர்வது ஒரு பார்வை முறை; பேச்சு அதற்கு முன்பே பறிக்கப்பட்டுவிட்டது.

பறிக்கப்பட்ட கணத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். குரல் முடிந்த பின்னர் செர்புஹோவ்ஸ்கோய் பண்ணைக்கு விருந்தாளியாக வருகிறான். ஒரு காலத்தில் ஹோல்ஸ்தமேருக்கு உடைமையாளனாக இருந்தவன். அழகும் செல்வமும் மிக்க படைவீரனாக அந்தக் குதிரையின் அன்பைப் பெற்றவன். தன்னைவிட்டு ஓடிய காதலியைத் துரத்திப் பிடிக்க அதை விரட்டி அதன் உடலை நிரந்தரமாகக் கெடுத்தவன். இப்போது கடனில் மூழ்கி ஊதிப் பெருத்திருக்கிறான். மந்தை அவன் எதிரே கடந்து போகிறது. கிழட்டுக் குதிரை அவனை அறிந்துகொண்டு கனைக்கிறது. பலவீனமான, வயதேறிய கனைப்பு. அது பாதியில் நின்றுவிடுகிறது, வெட்கப்பட்டதுபோல. அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. அன்று இரவு விருந்து மேசையில் உட்கார்ந்து, தான் ஒரு காலத்தில் வைத்திருந்த குதிரையைப் பற்றி வாய் ஓயாமல் பெருமை பேசுகிறான்.

ஐந்து இரவுகள் அழகாகப் பேசிய உயிர் இது. அந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே பாதியில் அறுந்த அந்தக் கனைப்புக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். எதிரில் நிற்பவனுக்குத் தெரியாது. கதை முழுவதும் குதிரையே பேசியிருந்தால் இந்தக் காட்சி எழுதப்பட்டிருக்க முடியாது. 'நான் அவனை அறிந்துகொண்டு கனைத்தேன்' என்று அது சொல்லியிருந்தால் கனைப்புக்கு வேலையே இல்லை. பரிச்சய நீக்கம் ஐந்து இரவுகளில் நடக்கிறது என்பதில் ஐயமில்லை. கதை நெஞ்சில் தைப்பது இந்தக் கனைப்பில். நன்கு பழகிய ஒரு குரலை இழப்பதால் வரும் வலி அது. ஷ்க்லோவ்ஸ்கியின் கோட்பாட்டில் இதற்கு இடம் இல்லை.

ஆன்னா சூயலின் 'பிளாக் பியூட்டி' 1877இல் வந்தது. இதில் பொருத்துவாயே கிடையாது. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை குதிரைதான் 'நான்'. நூலின் முகப்புப் பக்கமே இதைக் குதிரை மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட தன்வரலாறு என்று அறிவிக்கிறது. சிறு வயதில் கணுக்கால் அடிபட்டதால் சூயல் வாழ்நாளெல்லாம் குதிரை வண்டியை நம்பி இருந்தவர். குதிரைகளைப் பராமரிப்பவர்கள் கனிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினார். அந்த நோக்கத்துக்கு இடையறாத 'நான்' மிகப் பொருத்தமான கருவி. வண்டிக் குதிரையின் கழுத்தை வளைத்துத் தலையைத் தூக்கி நிறுத்த ஒரு வாரைப் பூட்டும் வழக்கம் அன்று நாகரிகமாக இருந்தது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது கம்பீரம். குதிரை அதைச் சொல்லும்போது பேசுபொருள் கம்பீரம் அன்று, மேடு. மேட்டில் பாரம் இழுக்கத் தலையைத் தாழ்த்தி முன்னே சாயவேண்டும், வார் விடாது, முழுப் பளுவும் முதுகிலும் கால்களிலும் இறங்கும். இந்த அறிவு வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்காது. வாருக்கு எதிராக எழுந்த இயக்கத்துக்கு இந்நூல் துணைநின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இடையறாத 'நான்' ஒரு விலையும் கேட்கிறது. தன் வரலாற்றைச் சொல்லி முடிக்கும் குதிரை சாக முடியாது. எனவே சாவை வேறொரு குதிரைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் தோழியாக இருந்த செங்குதிரை ஜிஞ்சர், வாடகை வண்டியில் பூட்டப்பட்டு நைந்துபோகிறது. பின்பு ஒருநாள் செத்த குதிரையை ஏற்றிய வண்டி ஒன்று கடந்து போகிறது. மெலிந்த கழுத்து, நெற்றியில் வெண்கீற்று. அது ஜிஞ்சராகத்தான் இருக்கும் என்று பியூட்டி நம்புகிறது. இருக்கவேண்டும் என்றே விரும்புகிறது. உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதற்கு இல்லை. யாரிடமும் கேட்க முடியாது. வண்டியை நிறுத்த முடியாது. அறத்தைப் போதிப்பதில் சில இடங்களில் மனிதரையே மிஞ்சும் அளவு பேச்சுத்திறன் கொண்ட இந்தக் குதிரை, இந்த ஓர் இடத்தில்தான் முழுக்கக் குதிரையாக இருக்கிறது என்பேன். நூல் அடையும் உச்சமும் இதுவே.

நட்சுமே சோசெகியின் 'நான் ஒரு பூனை' (1905–06) எதிர்த்திசையில் போகிறது. பெயரில்லாத பூனை தன் எசமானரின் உள்ளத்தில் ஓடுவதைக்கூடச் சொல்லிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில், பூனைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்பார் என்பதை உணர்ந்து விளக்கமும் தருகிறது. மடியில் படுத்திருக்கும்போது தன் மென்மயிரை மனிதன் வயிற்றில் உரசினால் ஒரு மின்னோட்டம் எழுகிறதாம். அதன் வழியே உள்ளே இருப்பது தனக்குத் தெரிகிறதாம். அறிவின் எல்லை மீறப்படும் இடத்தை மறைக்காமல் கையைப் பிடித்துக் காட்டும் நேர்மை இது. இறுதியில் மிச்சமிருந்த பீரைக் குடித்துவிட்டுத் தண்ணீர்த் தாழியில் விழுந்து மூழ்கும்போதும் பூனை 'நான்' என்றே சொல்கிறது. இப்பூனை ஒருபோதும் 'அது' ஆவதில்லை. படித்த மனிதர்களைப் பார்ப்பதற்கு ஓர் உயரம் தேவைப்பட்டது. பூனை அந்த உயரம்.

புல்ககோவ் 1925இல் எழுதிய 'ஒரு நாயின் இதயம்' சோவியத் நாட்டில் 1987இல்தான் அச்சேறியது. நான் முன்வைக்கும் வாதத்துக்கு மிகக் கூர்மையான சான்று இதில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றப்பட்டு விலா வெந்துபோன தெருநாயின் ஓலத்தோடு கதை தொடங்குகிறது. 'நான்' என்று சொல்வது நாய். மாஸ்கோ கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்ற நாய் அது. மீன் கடைப் பலகையின் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் படிக்கக் கற்றிருந்தது. ஏனென்றால் சொல்லின் தொடக்கத்தில் ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கமாகப் போக முடியாது. ஒரு தெருநாய் நகரத்தை எப்படி அறிகிறது என்பது முழுதும் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது. பிறகு அறுவை சிகிச்சை. நாய் மனிதனாகிறது, அவன் வாயில் வரும் முதல் சொல் அந்தத் தலைகீழ் மீன்கடைச் சொல். அந்தக் கணத்திலிருந்து அவன் உள்மனம் நமக்கு மூடப்பட்டுவிடுகிறது. மருத்துவரின் குறிப்பேட்டிலும் பிறர் கண்களிலும்தான் அவனைப் பார்க்கிறோம். நாயாக இருந்தவரை 'நான்'. மனிதனானதும் 'அவன்', அதுவும் வெறுக்கத்தக்க 'அவன்'. மீண்டும் நாயாக மாற்றப்பட்ட பின்பே உள்குரல் திரும்புகிறது. உயிர் ஒன்றேதான். வாசகரின் பரிவு அதை விட்டுப் போவதும் திரும்பி வருவதும் பார்வை மாற்றத்தாலேயே நடக்கின்றன. அவன் செய்யும் கீழ்மைகள் பரிவைக் குறைத்தன என்று வாதிடலாம். அவற்றை அவன் உள்ளிருந்து ஒருமுறையாவது பார்த்திருந்தால் அவ்வளவு எளிதில் கைவிட்டிருப்போமா என்பதே என் கேள்வி.

தமிழில் இவ்வரிசையில் பேசவேண்டியது பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). எழுத்தை நிறுத்திக்கொள்வதாக 2015 சனவரியில் அறிவித்தவர், சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கொண்டுவந்த நாவல். மனிதரைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்பதை முன்னுரையிலேயே சொல்கிறார். பூனாச்சி தன் கதையைத் தானே சொல்வதில்லை. கதைசொல்லி படர்க்கையில் நின்று ஆட்டுக்குட்டிக்கு நெருக்கமாக வருகிறார். தேவைப்படும்போது விலகிக் கிழவியின் பக்கமும் ஊராரின் பக்கமும் போகிறார். ஆட்டுக்குக் காது குத்தி அடையாளம் போட மக்கள் வரிசையில் காத்திருக்கும் பகுதியில் இந்த விலகல் வெளிப்படை. அரசாங்கத்தைப் பற்றி அடங்கிய குரலில் பேசுபவர்கள் மனிதர்கள், காது ஆட்டினுடையது. எந்த நாடு, எந்த ஆட்சி என்று சொல்லவேண்டிய கட்டாயத்திலிருந்து ஆட்டின் அறியாமை கதையை விடுவிக்கிறது. விலங்குப் பார்வை இங்கே எழுத்தாளருக்கு ஒண்ட ஓர் இடம். ஆனால் ஆடு வெறும் திரையாகிவிடாமல் நாவலைக் காப்பாற்றுவது பசியும் ஈற்று நோவும் எழுதப்பட்டிருக்கும் பக்கங்கள். அங்கே உருவகம் தேடும் வாசகர்கூட ஓர் உடலின் முன்னால்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

மீண்டும் ஹோல்ஸ்தமேருக்கு வருகிறேன். ரஷ்ய மொழியில் அந்தக் குதிரையைச் சுட்டும் படர்க்கைச் சொல் செர்புஹோவ்ஸ்கோயைச் சுட்டும் சொல்லேதான், இரண்டும் ஆண்பால். குரல் போனாலும் குதிரை இலக்கணத்தில் கீழிறங்குவதில்லை. தமிழில் இறங்கியாக வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்பதும் உண்மை. அன்பு மிகுதியால் பசுவைத் தாய் என்று அழைத்து உயர்திணை முடிவு கொடுப்பதை உவப்பினால் வந்த வழுவமைதி என்று இலக்கணம் ஏற்கிறது. காளையை 'அவன் இன்னிக்குத் தீனி எடுக்கல' என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த உரிமையைப் பயன்படுத்திக் குதிரையை 'அவன்' என்று எழுதிவிடலாம். கதையின் இறுதிப் பகுதியை வகுப்புக்காகத் தமிழில் பெயர்த்துப் பார்த்தபோது முதலில் அப்படித்தான் எழுதினேன். கனைப்புக் காட்சி மழுங்கிப்போயிற்று. 'அவன்' கனைத்தால் இன்னொரு 'அவன்' திரும்பிப் பார்க்காதது வெறும் மறதி. 'அது' கனைத்தால், திரும்பிப் பார்க்காததில் திணையே குறுக்கே நிற்கிறது. அடித்துவிட்டு 'அது' என்று மாற்றினேன்.

கொல்லும் காட்சி வந்தபோது அந்த 'அது'வும் கூடவில்லை. தோலுரிப்பவன் கத்தியைத் தீட்டுகிறான். அந்த ஒலியில் குதிரை உதடு தொங்க அரைத்தூக்கத்தில் நிற்கிறது. யாரோ தலையைத் தூக்குகிறார்கள். தனக்கு மருந்து போடப்போகிறார்கள் போலும், போடட்டும் என்று அது நினைக்கிறது. தொண்டையில் ஏதோ செய்கிறார்கள். வலி, பிறகு கழுத்திலும் மார்பிலும் ஏதோ ஈரமாக வழிகிறது. கத்தி என்ற சொல்லும் குருதி என்ற சொல்லும் குதிரையின் அறிவுக்குள் வருவதே இல்லை. இந்த இடத்தில் தமிழ் தானாகவே ஒரு வழி காட்டியது. வலியைச் சொல்லும் நம் வினைகள் வலிப்பவரை எழுவாயாக ஏற்பதில்லை. எனக்கு வலித்தது, அவனுக்கு வலித்தது, அதற்கு வலித்தது என்று மூன்றுக்கும் வினைமுற்று ஒன்றுதான். நான்காம் வேற்றுமைச் சொல்லை விட்டுவிட்டால் திணையும் இடமும் சேர்ந்தே மறைந்துவிடும். கனைப்பு வரை 'அது' என்று கறாராக எழுதிவந்த மொழிபெயர்ப்பில், கத்தி பட்ட இடத்திலிருந்து குதிரை கண் மூடும் வரை வரும் தொடர்களில் எழுவாயை எடுத்துவிட்டேன். தொண்டையில் ஏதோ பட்டது, வலித்தது, ஈரமாக இருந்தது, பின்பு பாரம் குறைந்தது. அடுத்த பத்தியில் பெண் ஓநாய் தன் ஐந்து குட்டிகளுக்கு ஊட்டும் இறைச்சியைச் சொல்லும்போதுதான் 'அது' திரும்பி வருகிறது.