விழா நாளிலும் விழித்திருப்போர்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் தென்காசிச் சீமைக்கே விழாக்கோலம் தருகிறது. மார்கழியில் அருவிக்கரையில் ஐயப்ப பக்தர் கூட்டம். நம் இல்லங்களில் கிறிஸ்து பிறப்பு விழா. இம்மகிழ்ச்சி நாள்களில், குணமாகா நோயுற்றுப் படுத்திருப்போரும், அவர்தம் அருகிருந்து பணிபுரிவோரும் நம் நினைவினின்று நழுவிவிடுகின்றனர். அப்பணியின் வரலாறு நம் கடமையை நமக்கு உணர்த்தும்.

அயர்லாந்துப் பிறரன்புச் சகோதரிகள் 1879-இல் டப்ளின் நகரில் மரிப்போருக்கென ஓர் இல்லம் திறந்தனர். 1905-இல் இலண்டன் ஹாக்னியில் புனித சூசையப்பர் இல்லத்தை நிறுவினர். 1958 முதல் அங்குப் பணியாற்றிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளர் வலியால் கதறிய பின்பே மருந்தளிக்கும் வழக்கத்தை மாற்றினார். வலி தலைதூக்குமுன்பே, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மார்ஃபின் கொடுக்கச் செய்தார். உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கையும் தாக்கும் நோவை 'முழுமையான வலி' என்றழைத்தார். 1967-இல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் உலகிற்கே முன்மாதிரி ஆயிற்று. நம் நாட்டில் 1986-இல் மும்பை பாந்திராவில் சாந்தி அவேத்னா இல்லமும், 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புக் கழகமும் எழுந்தன. தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இப்பணியை வீட்டு வாசலுக்கே கொணர்ந்தது.

வலியைத் தணித்தல் சிலுவையை மறுப்பதாகாதா என்று பக்தியுள்ளோர் சிலர் ஐயுறுவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியிலேயே இதற்கு விடை பகர்ந்தார். வேறு வழியில்லாதபோது, வலி தணிக்கும் மருந்து வாழ்நாளைச் சற்றுக் குறைக்கக்கூடுமாயினும், அதனைப் பயன்படுத்துதல் ஏற்புடையதே என்பது அவர்தம் போதனை. எனவே, வேதனைப்படுவோர்க்கு மருந்தை மறுப்பது பக்தியாகாது.

நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை என்னும் விதிக்கு விடுமுறை இல்லை. நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி ஒலிக்கும் வேளையிலும் ஒருவர் விழித்திருந்து மருந்தளிக்க வேண்டும். மருத்துவமனையில் அவர் செவிலியர். வீட்டிலோ பெரும்பாலும் மகள் அல்லது மருமகள்.

ஆகவே அன்பியத்தாரே, விழாவுக்கு முன்னரே மருந்து போதிய அளவு இருப்பில் உள்ளதா என விசாரியுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரைப் படுக்கையருகே அமர்த்தி, பணிவிடை செய்யும் பெண்ணைத் திருப்பலிக்கு அனுப்பி வையுங்கள். நோயாளரிடம் பலகாரத்தோடு சென்று சிறிது நேரமே இருங்கள். அதிகம் பேசாது செவிமடுங்கள். தாம் பேணியவரை அவ்வாண்டில் இறப்பில் இழந்த செவிலியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்க்கும் துயரம் உண்டு. குருவானவருக்குச் சொல்லி அனுப்பினால், நற்கருணை அவ்வீட்டிற்கே வரும்.