குறிப்பேட்டிலிருந்து தொகுப்பேட்டுக்கு: பொறியியல் வடிவமைப்புக் கல்வியில் மாணவர் பதிவுகளின் வரலாறு

பொறியியல் மாணவர் தாம் செய்து முடித்த பொருளோடு, கைவிட்ட வரைபடங்களையும் தவறிய சோதனைகளையும் திருத்திய கணக்குகளையும் சேர்த்து ஒப்படைப்பதே வடிவமைப்புத் தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ. கட்டடக்கலைப் பள்ளிகளிடமிருந்து வந்த வழக்கம் என்று இதைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. பொறியியலில் இதற்கு இன்னொரு வேர் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த ஏட்டைப் படிக்கப்போகிறவர் யார் என்பது காலந்தோறும் மாறியது. மாணவர் எதை எழுதினார், எதை மறைத்தார் என்பதும் கூடவே மாறியது.

1876 மார்ச் 10 அன்று பாஸ்டனில் பேச்சைத் தெளிவாகக் கடத்திய தம் சோதனையை அலெக்சாண்டர் கிரகாம் பெல் குறிப்பேட்டில் படத்துடன் பதிந்தார். தொலைபேசிக்கான காப்புரிமை மூன்று நாள் முன்பே கிடைத்துவிட்டது. ஆனாலும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் கண்டுபிடித்தவருக்கே முன்னுரிமை. எனவே குறிப்பேடு நீதிமன்றத்தில் நிற்கும் சான்றாயிற்று. அதற்கென்றே விதிகளும் உருவாயின. தாளைக் கிழிக்க முடியாதபடி பைண்டு செய்த, பக்க எண்ணிட்ட நோட்டு வேண்டும். மையால் எழுத வேண்டும். பிழையை அழிக்காமல், கீழே உள்ளது படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். வெற்றிடத்தைக் குறுக்குக் கோடிட்டு மூட வேண்டும். படித்துப் புரிந்துகொண்டதாகச் சாட்சி ஒருவர் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். கல்வியை எண்ணி யாரும் வகுத்த விதிகள் அல்ல இவை. ஆனாலும் தோல்வியைத் துடைத்தெறிய விடாத ஒழுங்கு இவற்றால் வந்தது. 2013 மார்ச் 16 முதல், முன்னதாக விண்ணப்பித்தவருக்கே உரிமை என்று அமெரிக்கச் சட்டம் மாறியது. ஆனாலும் கல்லூரி வடிவமைப்பு வகுப்புகளில் அந்தக் குறிப்பேட்டு விதிகள் இன்னும் சொல்லித்தரப்படுகின்றன.

அதே 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளி தன் மாணவர்களின் மர, இரும்பு வேலைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தது. அதைக் கண்டு வியந்த எம்ஐடி தலைவர் ஜான் ரங்கிள், தம் நிறுவனத்திலும் பட்டறைப் பயிற்சியைக் கொண்டுவந்தார். அங்கே காட்சிக்கு இருந்தது கைத்திறன். மாணவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அந்த அடுக்கில் இடமில்லை.

பொறியியல் கல்வியை மதிப்பிட்ட 1955இன் கிரிண்டர் அறிக்கைக்குப் பின் அமெரிக்கப் பொறியியல் கல்வி அறிவியல், கணிதம் பக்கம் சாய்ந்தது, வடிவமைப்பு ஓரம்கட்டப்பட்டது. அது மீண்டு வந்தபோது, செய்துகொண்டே சிந்திக்கும் தொழிலறிவைப் பற்றி எம்ஐடியின் டொனால்டு ஷோன் 1983இல் எழுதிய நூல் கைகொடுத்தது. கட்டடக்கலை மாணவியின் வரைபடத்தை ஆசிரியர் பேசிப் பேசித் திருத்தும் காட்சி அதில் விரிவாக வருகிறது. மாணவர் தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொறியியல் வகுப்புகளில் வலுப்பெற்றதில் இத்தகைய சிந்தனைக்குப் பங்குண்டு.

பெரிய உந்துதல் நிர்வாகத்திடமிருந்து வந்தது. அமெரிக்கப் பொறியியல் படிப்புகளின் அங்கீகார அமைப்பான ஏபெட் 1996இல் ஏற்று, 2001இல் கட்டாயமாக்கிய புதிய அளவுகோல்கள், என்ன கற்பித்தீர்கள் என்று கேட்பதை விட்டு மாணவர் என்ன கற்றார் என்று கேட்டன. 11 கற்றல் விளைவுகளுக்கும் சான்று தேவைப்பட்டது. கொலராடோ சுரங்கவியல் கல்லூரி அதற்கு முன்பே மாணவர் பணிகளைத் தொகுத்து மதிப்பிட்டு வந்தது. இண்டியானாவின் ரோஸ்-ஹல்மன் கல்லூரி மின்னணுத் தொகுப்பை அமைத்தது: மாணவரே தம் பணியைத் தேர்ந்து, அது எந்த விளைவுக்குச் சான்று என்பதை விளக்கி எழுத வேண்டும். தேர்வு மாணவர் கைக்கு வந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் படிப்பவர் மதிப்பீட்டாளர் என்று தெரிந்தபின் எந்த மாணவர் உடைந்த மாதிரியை முன்னே வைப்பார்?

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானதையொட்டி இதே விளைவுக் கணக்கு நம் கல்லூரிகளுக்கும் வந்தது. இங்கே ஏற்கெனவே இரண்டு ஏடுகள் உண்டு. சோதனை மேசையில் அளவீடுகளை அடித்துத் திருத்தி எழுதும் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று. வீட்டில் அழகாகப் படியெடுத்து, சில வேளை சீனியருடையதைப் பார்த்தே எழுதி, கையொப்பம் வாங்கும் ரெக்கார்டு நோட்டு மற்றொன்று. வடிவமைப்புத் தொகுப்புக்கு உறவு முதலாவதோடுதான். ஆனால் அங்கீகார ஆய்வுக்குழு வரும் நாளில் மேசையில் அடுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது.